சட்டை பத்தாயிரம், மற்றவை தனி

ஏலம் விடும் தொழிலில் சுத்தியலைத் தட்டுகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும். அதற்குமேல் இன்னும் எவ்வளவு கட்டவேண்டும் என்று போனில் சொல்கிறவருக்கு என்ன கிடைக்கும் என்பதை, காதில் ஹெட்செட் மாட்டிப் பிழைக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நான் வேலை பார்ப்பது தஞ்சாவூரில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே உள்ள மாடி அறையில். சென்னையில் இருக்கும் எங்கள் நிறுவனம், நடிகர்களும் பாடகர்களும் விளையாட்டு வீரர்களும் கொடுக்கும் பொருள்களை இணையத்தில் ஏலம் விடுகிறது. ஏலத்தொகை முழுவதும் குழந்தைகளின் இருதய சிகிச்சைக்குப் போகிறது. அதில் சந்தேகமில்லை, ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆப்பில் பதிவு செய்யத் தெரியாமல் போனில் கூப்பிடுகிறவர்களுக்குத் தமிழில் விவரம் சொல்லி, ஏலத்தில் சேர்த்துவிடுவது என் வேலை. பக்கத்து நாற்காலியில் அதே வேலையைச் செய்பவர் ஜெசி அக்கா, என்னைவிட இரண்டு வருஷம் சீனியர். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேலாளர் சேகர் சார்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அப்பா மன்னார்குடிப் பக்கம் குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்கிறார். இந்த வேலையில் ஆறு மாதம் பயிற்சிக் காலம், அதற்குப் பிறகு பிடித்திருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். அப்பா இந்தப் பின்பாதியைக் காதில் வாங்கவே இல்லை. நான் சேர்ந்த மறுநாளே டீக்கடையில் 'பொண்ணுக்கு பர்மனென்ட் வேலை' என்று சொல்லி, இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துவிட்டார். வேலை போனால் அந்த டீயைக் குடித்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் ஆறு மாதமும் என் கவலை.

தையல் கெட்டியா?

எனக்கு வந்த முதல் போன் பட்டுக்கோட்டையிலிருந்து. தேங்காய் மண்டி வைத்திருப்பவர். ஒரு பெரிய நடிகர் சண்டைக் காட்சியில் போட்டிருந்த நீலச் சட்டை ஏலத்துக்கு வந்திருந்தது. அவருக்கு அது தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு வேண்டுமாம். என்ன சைஸ், சாயம் போகுமா, படத்தில் ரத்தக் கறை இருந்ததே, அது வெளுத்தால் போய்விடுமா என்று வரிசையாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு, சென்னைக்குப் பேசி, திரும்பக் கூப்பிட்டுப் பதில் சொன்னேன். ரத்தக் கறைக்கு மட்டும் சென்னையில் இருந்தவர் சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டார்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆப்பில் எங்கள் ஏலப் பக்கத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது. கண்ணில் பெரிதாகத் தெரிவது ஏலத்தொகை மட்டும்தான். மற்றவை எல்லாம், ஏலம் முடிந்து ஜெயித்த பிறகு, கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் வரும். வாடிக்கையாளர் கேட்டால் சொல்லலாம், நாமாகச் சொல்லவேண்டாம் என்பது சேகர் சார் கொடுத்த குறிப்பு. எனக்கு நாக்கு நிற்கவில்லை. "ஐயா, சட்டை பத்தாயிரத்துக்குப் போச்சுன்னா, சேவைக் கட்டணம் நூத்துக்குப் பதினஞ்சு, அந்தக் கட்டணத்துக்கு வரி, இது அவர் போட்ட சட்டைதான்னு ஒரு சான்றிதழ், பெட்டி, கூரியர், எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். முதல் போனிலேயே ஆளை ஓட்டிவிட்டோம் என்று எனக்கு வியர்த்துவிட்டது.

பிறகு அவர் நிதானமாகச் சொன்னார்: "அது ஆகுறது ஆகட்டும்மா. அவரு நடிகரு, ஒரு பாட்டுக்கு நாலு சட்டை மாத்துவாரு. என் மாப்பிள்ளை ஒரே சட்டைய மூணு வருஷம் போடுற ஆளு. தையல் கெட்டியா இருக்குமா, அத மட்டும் சொல்லு."

என் பேச்சுக்கும் சேர்த்து

மன்னார்குடியிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர், ஒரு பாடகி கையெழுத்துப் போட்ட சுருதிப் பெட்டிக்காகக் கூப்பிட்டார். நான் வழக்கம்போலக் கட்டணங்களை ஒப்பித்தேன். அவர் இடையில் நிறுத்தி, ஏலத்தொகை குழந்தைகளுக்குப் போகிறது சரி, இந்தச் சேவைக் கட்டணம் எந்தக் குழந்தைக்குப் போகிறது என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டு நிற்கவைக்கிற அதே குரல். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். ஜெசி அக்கா பக்கத்திலிருந்து, 'நிர்வாகச் செலவு'ன்னு சொல்லு என்று தாளில் எழுதிக் காட்டினார்.

எனக்கு அந்தச் சொல்லைவைத்து அவரைச் சமாளிக்க முடியும் என்று தோன்றவில்லை. மாடிக்கு வாடகை, கரண்டு, ஆப்பைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குக் கூலி, மீதி எங்கள் சம்பளம் என்று உள்ளதைச் சொன்னேன். சம்பளம் எவ்வளவு என்றும் கேட்டார். அதையும் சொன்னேன். ஜெசி அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார்.

டீச்சர் சொன்னது: "இவ்வளவுதான் குடுக்குறாங்களா? சரி, கட்டுறேன். ஆனா நான் கேக்குறதுக்கெல்லாம் நீ பதில் சொல்லணும். உன் பேச்சுக்கும் சேர்த்துத்தானே கட்டுறேன்."

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறார். சுருதிப் பெட்டி எப்போதோ அவர் வீட்டுக்குப் போய்விட்டது.

கழுத்தில் மாட்ட ஒரு பைனாகுலர்

கோடியக்கரையில் வருகிறவர்களுக்குப் பறவைகளைக் காட்டிப் பிழைக்கும் ஒருவர், ஒரு நடிகர் படத்தில் பயன்படுத்திய பைனாகுலரைக் கேட்டார். பதிவு செய்யும்போதே எனக்கு ஒரு சந்தேகம். படத்தில் வந்த பொருள் ஆயிற்றே, அதில் உண்மையிலேயே ஏதாவது தெரியுமா? சென்னையில் கேட்டேன். அது படப்பிடிப்புக்காகச் செய்தது, வெறும் கண்ணாடி, பவர் கிடையாது என்றார்கள். ஏலப் பக்கத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. அவரைத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லும்போது, எனக்கே என்மேல் கோபமாக வந்தது. ஒரு பதிவைச் சேர்ப்பதற்குள் இன்னொன்றை நானே கலைக்கிறேனே.

அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பறவை பார்க்க அவர் கண் போதுமாம். வருகிறவர்கள் இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வார்கள், அதற்குத்தான் என்றார். எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று வந்தவர், தூரத்து ஊர் என்பதால் கூரியருக்குக் கூடுதலாக ஒரு தொகை உண்டு என்றதும் நின்றுவிட்டார்.

"எங்க ஊருக்கு சைபீரியாலேருந்து பறவை வருது. அதுக்கே யாரும் தனியா காசு கேக்கல. சென்னைலேருந்து ஒரு பெட்டி வர்றதுக்குக் கேக்குறீங்களே தங்கச்சி."

அடுத்த வருஷம் காப்புக் கட்டுவதற்குள்

இது என் தவறு. திருவையாற்றுக்கு அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர், பெயர் கோவிந்தராசு, ஒரு பழைய நடிகையின் பட்டுப்புடவையை ஏலத்தில் எடுத்தார். கட்டணங்கள் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லியிருந்தேன், பைசா சுத்தமாக. முதல் நாள் பணம் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் கூப்பிட்டால், வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார். பணமா, இப்பவேவா என்று ஆச்சரியப்பட்டார்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர் ஊர் மாரியம்மன் கோயிலில் அம்மனுக்குச் சாத்திய புடவைகளைத் திருவிழா முடிந்து ஏலம் விடுவார்கள். எடுத்தவர் புடவையை அப்போதே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பெயரை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பணத்தை அடுத்த வருஷம் காப்புக் கட்டுவதற்குள் கொடுத்தால் போதும். எங்கள் ஊர்க் கோயிலிலும் அதே வழக்கம்தான். எனக்குத் தெரிந்திருந்தும், மூன்று நாளில் கட்டவேண்டும் என்ற ஒன்றை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் ஆறு மணியோடு கெடு முடிகிறது. பதிவு செய்தது நான் என்பதால் அந்த ஏலம் என் பெயரில் கெட்டுப்போகும். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. வீட்டில் கேட்டுப் பார்க்கிறேன் என்று கரையேறினார். ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பணம் வந்தது, அவர் மனைவியின் மகளிர் குழுச் சேமிப்பிலிருந்து. புடவையும் அந்த அம்மாவுக்குத்தானாம்.

பணம் வந்துவிட்டது என்று சொல்லக் கூப்பிட்டபோது கோவிந்தராசு சொன்னார்: "மூணு நாள்ல கட்டுன்னா அது ஏலமா பாப்பா? அது கடை."

அன்றிலிருந்து என் ஒப்பிப்பில் கெடுவும் சேர்ந்துகொண்டது. மொத்தம் எட்டு நிபந்தனைகள் ஆகிவிட்டன.

பலகையில் என் பெயர்

சேகர் சார் அறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. மாதம் எத்தனை பேரைப் பதிவு செய்தோம் என்று பெயருக்கு நேரே எழுதுவார். ஜெசி அக்காவுக்கு நேரே எண் ஏறிக்கொண்டே போகும். எனக்கு நேரே இருப்பதை அழிக்கவே தேவைப்படாது, மாதம் மாறினாலும் ஏறக்குறைய அதேதான். ஐந்தாம் மாதக் கடைசியில் என்னைக் கூப்பிட்டார். அவர் கடுமையானவர் இல்லை. அதனாலேயே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நீங்கள் சொல்வதில் பொய் இல்லை, ஆனால் கேட்பதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தேன். ஜெசி அக்கா தன் டப்பாவிலிருந்து வஞ்சிர மீன் துண்டு ஒன்றை என் சோற்றில் வைத்தார். நாளையிலிருந்து கேட்டால் மட்டும் சொல்வதாக அவரிடம் சத்தியம் செய்தேன். மறுநாள் முதல் போனில் சத்தியம் இரண்டு நிமிஷம் தாங்கியது. விலாசத்தை வாங்கி முடித்ததும், "அப்புறம் ஒண்ணுங்க" என்று ஆரம்பித்துவிட்டேன். கூப்பிட்டவர் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

ஜெசி அக்கா சொன்னது: "ஏண்டி செல்வி, வாங்கணும்னு துடிச்சுக்கிட்டு வர்றவனக்கூட உக்கார வச்சு யோசிக்க வச்சிடுறியே. இதுக்கு நீ டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்."

மைக்கில் எட்டு நிபந்தனை

ஆறாம் மாதம், பொங்கலுக்கு முன்பு, ஒரு புகழ்பெற்ற கபடி வீரரின் பனியன் ஏலத்துக்கு வந்தது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கபடிக் குழு அதை எடுக்க முடிவு செய்தது. சிங்கப்பூரில் இருக்கும் ஊர்ப் பையன்கள் அனுப்பியது, வீட்டுக்கு வீடு வசூல் செய்தது எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் வைத்திருந்தார்கள். பனியனைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு விளையாட்டுத் திடலில் வைப்பதாகத் திட்டம். ஏலம் முடியும் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர்கள் கூப்பிட்டபோது, என் காதில் மனிதக் குரலுக்கு முன்னால் ஒலிபெருக்கியின் கீச்சொலிதான் வந்தது. ஊரே கோயில் வாசலில் கூடியிருந்தது. போனை மைக்குக்கு முன்னால் பிடித்திருந்தார்கள். பேசியவர் ஊர்த் தலைவர்.

அவர் முதலில் கேட்டது விலையை அல்ல. "அம்மா, முதல்ல ஏல நிபந்தனைய படிங்க" என்றார். எங்கள் பக்கம் குளத்து மீனோ கோயில் தென்னையோ எது ஏலம் போனாலும், பந்தலுக்கு இவ்வளவு, மைக்செட்டுக்கு இவ்வளவு, இத்தனை நாளில் கட்டவேண்டும் என்று எல்லாவற்றையும் உரக்கப் படித்த பிறகுதான் யாரும் கேட்கும் முதல் விலையை ஏற்பார்கள். படிக்காமல் நடந்த ஏலம் ஊரில் செல்லாது. நான் திரும்பிப் பார்த்தேன். என் நாற்காலிக்குப் பின்னால் சேகர் சார் நின்றுகொண்டிருந்தார். கேட்டால் சொல்லலாம் என்பது அவர் போட்ட விதிதானே. ஒரு ஊரே கேட்கிறது. எட்டையும் படித்தேன். என் குரல் ஒலிபெருக்கியில் போய், எதிர்ச் சுவரில் பட்டு, என் காதுக்கே திரும்பி வந்தது. நடுவில் ஒரு நாய் குரைத்தது. சான்றிதழுக்கு எதற்குத் தனிக் காசு, பனியனில்தான் அவர் பெயரே அடித்திருக்கிறதே என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்க, சிரிப்பு எழுந்தது.

நாற்பதாயிரத்துக்குள் அடங்கவேண்டும் என்றால் ஏலத்தில் எதுவரை போகலாம் என்று கேட்டார்கள். பின்னாலிருந்து கணக்குப் போட்டு முப்பத்து மூவாயிரம் என்றேன். சரிதானா என்று மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். ஐந்நூறு ஐந்நூறாக ஏறியது. எதிரில் கேட்டவர் வேறு மாவட்டத்தில் ஒரு கடைக்காரர், ஜெசி அக்கா பதிவு செய்தவர். ஊர் முப்பத்து மூவாயிரத்தைத் தொட்டது. அவர் இன்னொரு ஐந்நூறு போட்டார். மணி ஆறாக மூன்று நிமிஷம். இன்னும் எழுநூற்றுச் சொச்சம் இருந்தால் மேலே கேட்கலாம் என்று சொன்னேன். இரண்டு மூன்று பேர் பையில் கைவிட்டிருப்பார்கள் போல, தலைவர் தடுப்பது கேட்டது. ஊர் கூடி நாற்பது என்று முடிவெடுத்தால் நாற்பதுதானாம்.

ஆறு மணிக்கு பனியன் கடைக்காரருக்குப் போனது. கட்டணத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவர்கள் மேலே போயிருப்பார்கள் என்று சேகர் சாரும் நினைத்திருப்பார், நானும் நினைத்தேன். தலைவர்தான் மைக்கில் எனக்கு ஆறுதல் சொன்னார்: "விடும்மா. நிபந்தனைய நல்லா படிச்ச. அடுத்த வருஷம் எங்க குளத்து ஏலத்துக்கு உன்னத்தான் கூப்பிடப் போறோம்."

நாலாம் நாள்

கடைக்காரர் ஜெயித்த சந்தோஷத்தில் கடைசிப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். சின்ன எழுத்தில் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கூடி, ஆறாயிரத்து அறுநூறுக்குமேல் ஏறி நின்றது. ஜெசி அக்காவைக் கூப்பிட்டு, குழந்தைகளுக்கு என்றால் சரி, உங்கள் பெட்டிக்கும் சான்றிதழுக்கும் நான் ஏன் அழவேண்டும் என்று கேட்டிருக்கிறார். மூன்று நாளும் கட்டவில்லை. விதிப்படி நாலாம் நாள் பொருள் இரண்டாவதாகக் கேட்டவருக்குப் போகும், அவர் கேட்ட விலைக்கே.

நான் ஊர்த் தலைவருக்குப் போன் செய்தபோது மைக் இல்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை, அவர் போட்ட சத்தம் திடல் வரைக்கும் கேட்டிருக்கும். அரைமணி நேரத்தில் பணம் வந்தது, நான் சொன்ன தொகை அப்படியே. மீதி நானூற்றுச் சொச்சத்துக்குப் பனியனுக்கு ஒரு மாலை வாங்குவதாக முடிவு.

அன்று சாயங்காலம் சேகர் சார் வெள்ளைப் பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு பக்கத்தில் புதிதாக ஒரு கோடு போட்டு, ஏலத்தில் எடுத்துவிட்டுப் பணம் கட்டாமல் போனவர்கள் என்று எழுதி, ஆறு மாதக் கணக்கை எடுத்து நிரப்பினார். ஜெசி அக்காவுக்கு நேரே நிறைய இருந்தது. எனக்கு நேரே எழுத ஒன்றும் இல்லாததால் பேனாவை மூடினார். மறு வாரம் எங்கள் ஏலப் பக்கத்தில் ஏலத்தொகைக்கு மேலேயே, பெரிய எழுத்தில், எட்டு நிபந்தனைகளும் வந்தன.

ஜெசி அக்கா அதைப் படித்துவிட்டுச் சொன்னது: "எல்லாத்தையும் அங்கயே போட்டுட்டாங்க. இனிமே நீ போன்ல என்னடி பேசுவ?"

கையெழுத்துக்குக் கீழே

பொங்கல் விடுமுறைக்கு முன் சேகர் சார் நிரந்தர உத்தரவை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார். வாங்கிப் படித்தேன். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், கடைசியில் கையெழுத்துக் கட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: அடையாள அட்டைக்கும் அதைக் கழுத்தில் மாட்டும் நாடாவுக்கும் உரிய தொகை முதல் மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளப்படும். எவ்வளவு என்று போடவில்லை. பயந்துகொண்டே கேட்டேன்.

சேகர் சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இருநூத்தம்பதும்மா. ரெண்டு வருஷமா இந்த லெட்டர் குடுக்குறேன். அந்த வரி இருக்குறதே இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்."

அப்பாவுக்குப் போன் செய்து, வேலை நிரந்தரமாகிவிட்டது என்றேன். அதுதான் ஆறு மாதத்துக்கு முன்னாலேயே ஆகிவிட்டதே, அதற்கு டீயும் குடித்தாயிற்றே என்றார்.

ஆக, நட்சத்திரங்களின் சட்டையைப் போலத்தான் நிரந்தர வேலையும்: கைக்கு வந்து சேரும்போது சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகிறது, ஆனால் போட்டுப் பார்த்தேன், சைஸ் சரியாக இருக்கிறது.